விலகத் தெரியாத பிரதமர்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கால்போன போக்கில் நடந்தால் ஒரு பழைய சண்டையின் ஆட்களை வரிசையாகத் தாண்டிப் போகலாம். ஊரின் பெயர் மூன்றாம் ஜார்ஜ் மன்னருடையது. இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று பலகை வைத்திருக்கும் தெரு முன்பு பிட் ஸ்திரீட். 24 வயதில் பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் பிட்டின் பெயர் அது. கடலோரத்துக் கோட்டை கார்ன்வாலிஸ் பெயரில் நிற்கிறது. அமெரிக்காவின் யார்க்டவுனில் 1781ல் தன் மொத்தப் படையோடு சரணடைந்த அதே கார்ன்வாலிஸ்தான். தோற்ற தளபதிக்கு ஐந்தே வருஷத்தில் வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் பதவி கிடைத்தது, பினாங்கில் ஒரு கோட்டையும் அவர் பெயரில் எழுந்தது.

அந்தச் சரணாகதியால் வேலை போன மனிதரின் பெயரை அந்தத் தெருக்களில் நான் பார்த்ததில்லை. அவர் நார்த் பிரபு. 1770லிருந்து 1782 வரை பிரிட்டனின் பிரதமர். பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரே ஒரு வரிதான்: அமெரிக்காவைத் தொலைத்தவர். மந்தமான ஆளாகத்தான் இருப்பார் என்று ரொம்ப நாள் நானும் நினைத்திருந்தேன். அவருக்கும் அரசருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்துப் பக்கம் போன பிறகு அந்த எண்ணம் நிற்கவில்லை. மந்தமான ஆளாக இருந்திருந்தால் மன்னித்துவிடுவது சுலபம். இவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. அங்கேதான் சிக்கல்.

முதலில் அந்த 'பிரபு' பட்டம். பிரடெரிக் நார்த் 1732ல் பிறந்தார். அப்பா கில்ஃபோர்டு பிரபு. மூத்த மகனை மரியாதைக்கு 'லார்டு' என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். அப்பா உயிரோடு இருக்கும்வரை மகனுக்குப் பிரபுக்கள் சபையில் இடமில்லை, சொத்தும் கைக்கு வராது. அப்பாவோ 86 வயது வரை இருந்தார். ஒரு பேரரசின் கஜானாவைப் பன்னிரண்டு வருஷம் கையில் வைத்திருந்தவர் சொந்தச் செலவுக்கு அப்பாவின் தயவை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டமும் சொத்தும் வந்து சேர்ந்தபோது வயது 58. அதற்குப் பிறகு இரண்டே வருஷம்தான் வாழ்ந்தார்.

22 வயதில் பான்பரி தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்குப் போனார். தொகுதி என்றால் நம் ஊர்த் தேர்தலை நினைத்துக்கொள்ள வேண்டாம். பான்பரியில் மொத்த வாக்காளர்கள் 18 பேர். நார்த் குடும்ப மாளிகை பக்கத்திலேயே, ராக்ஸ்டனில். 1754லிருந்து 1790 வரை போட்டியே இல்லாமல் அந்த 18 பேரும் அவரை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அன்றைய பிரிட்டிஷ் ஜனநாயகம் அவ்வளவு அகலம்தான். ஆனால் உள்ளே போனவர்கள் அங்கே பேசித்தான் பிழைக்க வேண்டும். நார்த் பிழைத்தார். எதிரிகளே ஒத்துக்கொண்ட பேச்சாளர் அவர்.

அரசருக்கும் இவருக்கும் பழக்கம் சின்ன வயசிலிருந்தே. நார்த்தின் அப்பா இளவரசரின் அரண்மனையில் வேலை பார்த்தவர். 1749ல் லெஸ்டர் ஹவுஸில் பிள்ளைகள் சேர்ந்து ஒரு நாடகம் போட்டார்கள். ஆடிசன் எழுதிய 'கேட்டோ'. பத்து வயது ஜார்ஜும் பதினாறு வயது நார்த்தும் அதில் நடித்தார்கள். சர்வாதிகாரத்துக்கு அடிபணியாமல் சாகிற ஒரு ரோமானியனைப் பற்றிய நாடகம் அது. ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் அது ரொம்பப் பிடிக்கும். 1778ல் வேலி ஃபோர்ஜ் முகாமில் பட்டினியையும் குளிரையும் தாண்டி வந்த அவருடைய சிப்பாய்களுக்கு முன்னால் அதே நாடகம் நடிக்கப்பட்டது. இந்த ஒன்றை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் செயற்கை என்று நாமே சொல்லியிருப்போம்.

அரசருக்கும் நார்த்துக்கும் முகச்சாயல் வேறு ஒத்துப்போனது. பிதுங்கிய கண்கள், தடித்த உதடு, ஊதிய கன்னம். இருவருக்கும் ஒரே அப்பாவோ என்று லண்டனில் கிசுகிசு ஓடியது. கிட்டப்பார்வை அதிகம் என்பதால் நார்த்தின் கண்கள் எங்கேயோ உருண்டுகொண்டிருக்கும் என்று ஹொரேஸ் வால்போல் கிண்டலடித்திருக்கிறார். தன் அழகின்மையை வைத்து நார்த்தே சிரிப்பார். ஒரு விருந்தில் பக்கத்திலிருந்தவர், அதோ அந்த அவலட்சணமான அம்மா யார் என்று கேட்டாராம். அது என் மனைவி என்றார் நார்த். பதறிப்போன ஆள், இல்லை இல்லை, அவருக்குப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டேன் என்று சமாளிக்க, அது என் மகள் என்றாராம். இதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தவர் நார்த்தேதான்.

சபையில் அவர் தூங்குவது பிரசித்தம். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் ஆவேசமாகத் திட்டிக்கொண்டிருக்கும்போது பிரதமர் தூங்குகிறாரே என்று கத்த, கண்ணைத் திறக்காமலேயே, தூக்கம் வந்தால் தேவலையே என்றாராம் நார்த். சபை முழுக்கச் சிரிப்பு. இப்படி ஒருத்தரை வெறுப்பது கஷ்டம். அதுவே அவருடைய பலம். அதுவே ஆபத்தும் என்று இப்போது தோன்றுகிறது.

தேயிலைக்கு வருவோம். 1769 மே 1. நார்த் அப்போது பிரதமர் இல்லை, நிதியமைச்சர். அமெரிக்கக் காலனிகள் மேல் போட்ட டவுன்ஷெண்ட் வரிகளை எடுத்துவிடலாம் என்று அமைச்சரவை ஒத்துக்கொண்டது. தேயிலை வரியையும் எடுப்பதா என்பதுதான் கேள்வி. எடுக்கலாம் என்று நான்கு பேர், வேண்டாம் என்று ஐந்து பேர். பிரதமர் கிராஃப்டன் பிரபுவே தோற்ற பக்கத்தில். ஜெயித்த ஐந்து பேரில் ஒருவர் நார்த். அவர் அந்தப் பக்கம் கையைத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற விளையாட்டுக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த ஒரு ஓட்டு எத்தனை ஓட்டுகளில் ஒன்று என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

நாலு வருஷம் கழித்துக் கிழக்கிந்தியக் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது. வங்காளத்தில் 1770ன் பெரும் பஞ்சம், லண்டனில் பங்குச் சந்தைச் சரிவு, கிடங்குகளில் ஒரு கோடியே எழுபது லட்சம் பவுண்டு எடைக்கு விற்காத தேயிலை. 1773ல் நார்த் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கம்பெனிக்கு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்து, பதிலுக்கு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார். கம்பெனி ஆட்சிக்குள் நாடாளுமன்றம் முதன்முதலாகக் கை வைத்தது அப்போதுதான். வங்காளத்துக்கு ஒரு கவர்னர் ஜெனரல், கல்கத்தாவில் உச்ச நீதிமன்றம். போர், சமாதானம் விஷயங்களில் சென்னையும் பம்பாயும் இனிமேல் கல்கத்தாவைக் கேட்க வேண்டும். இரண்டாவது, தேயிலைச் சட்டம். கம்பெனி தன் சரக்கை நேராக அமெரிக்காவில் விற்கலாம். கள்ளக்கடத்தல் தேயிலையோடு போட்டி போடும் அளவுக்கு விலை குறையும். ஆனால் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் இருக்கும்.

அந்த மூன்று பென்ஸை விட்டுவிடுங்கள் என்று சபையிலேயே எச்சரித்தார்கள். நார்த் மறுத்தார். காரணம் பேராசை இல்லை. காலனி கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் அந்த வரியிலிருந்து சம்பளம் போய்க்கொண்டிருந்தது. அதோடு, வரி போடும் உரிமை நமக்கு இருக்கிறது என்பதற்கு அது ஒன்றே மிச்சமிருந்த அடையாளம். கணக்குப் பிள்ளையின் மூளைக்கு இது நியாயமாகத்தான் பட்டிருக்கும். விலை குறைகிறதே, யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? விலை குறைவதையே பாஸ்டன்காரர்கள் தூண்டில் புழுவாகப் பார்த்தார்கள். 1773 டிசம்பர் 16 இரவு 342 பெட்டித் தேயிலை துறைமுகத் தண்ணீரில் விழுந்தது. அடுத்த வருஷம் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார் நார்த், மாசச்சூசெட்ஸின் சாசனத்தை மாற்றினார். 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அதனால் லண்டனிலேயே இருப்போம்.

போர் தொடங்கியதும் ஒரு வினோதம். பிரிட்டிஷ் அரசியலமைப்பில் பிரதமர் என்று ஒரு பதவியே கிடையாது என்று நார்த் சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டில்கூட அந்தப் பெயரால் யாரும் தன்னைக் கூப்பிட விடமாட்டார். இது தன்னடக்கம் மட்டுமில்லை. போரை ஜெர்மெய்ன் பிரபு பார்த்துக்கொள்வார், கடற்படையை சாண்ட்விச் பிரபு பார்த்துக்கொள்வார், நான் கஜானாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் அதன் அர்த்தம். கஜானாவை அவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார். ஆடம் ஸ்மித்தின் புதுப் புத்தகத்தைப் படித்துவிட்டு 1777ல் ஆண் வேலையாட்கள் மேல் வரி, 1778ல் குடியிருக்கும் வீடுகள் மேல் வரி என்று போட்டார். போரை நடத்தத்தான் ஆள் இல்லை. இதை எதிரிகள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாத் துறைகளையும் இழுத்துப் பிடிக்க ஒரே ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான் இல்லை என்று அவரே அரசருக்குத் திரும்பத் திரும்ப எழுதினார்.

1777 டிசம்பரில் சரடோகா தோல்விச் செய்தி லண்டனுக்கு வந்தது. இந்தப் போரில் ஜெயிக்க முடியாது என்று நார்த்துக்குத் தெரிந்துவிட்டது. 1778 பிப்ரவரி 17 அன்று காமன்ஸ் சபையில் இரண்டு மணி நேரம் பேசினார். காலனிகள் மேல் வரி போடும் உரிமையையே கைவிடுகிறோம், சமாதானம் பேசத் தூதர்களை அனுப்புகிறோம் என்றார். எந்த மூன்று பென்ஸுக்காக எல்லாம் ஆரம்பித்ததோ அதையே. பேசி முடித்தபோது சபையில் சத்தமே இல்லையாம். கைதட்டலும் இல்லை, கேலியும் இல்லை. அவருடைய ஆட்களுக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியவில்லை. தூதர்கள் போய்ச் சேருவதற்குள் அமெரிக்கா பிரான்சோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது.

அதற்கப்புறம் அவர் அரசருக்கு எழுதியவைதான் என்னைத் தொந்தரவு செய்யும் கடிதங்கள். என்னை விட்டுவிடுங்கள், சாத்தம் பிரபுவைக் கூப்பிடுங்கள், என் உடம்பும் மனமும் இந்த வேலைக்குத் தாங்காது, நான் இருப்பது உங்களுக்கும் நாட்டுக்கும் கேடு. திரும்பத் திரும்ப இதே பல்லவி. அரசரின் பதிலும் ஒரே மாதிரி: என்னைக் கைவிடப் போகிறீர்களா? நார்த் மறுபடி உட்கார்ந்துகொள்வார். சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதுவார். 1779ல் நிலைமை இன்னும் மோசம். முடிவெடுக்க முடியாமல், காகிதங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் நாட்கள் போயின. கஜானாச் செயலர் ராபின்சனும் ஜென்கின்சனும் பிரதமரின் மனநிலையைப் பற்றி அரசருக்கு ரகசியமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ஒரு மருத்துவர் பார்த்தால் இதற்குப் பெயர் வைத்திருப்பார்.

ஏன் போகவில்லை? கடன் ஒரு காரணம். ஆறேழு பிள்ளைகள், அப்பாவிடமிருந்து போதாத பணம். 1777 செப்டம்பரில், சரடோகாவுக்குச் சில வாரங்களுக்கு முன், உங்கள் கடனை நான் அடைக்கிறேன், 20,000 பவுண்டு வரை ஆனாலும் பரவாயில்லை, எனக்கு உங்கள் நட்பு போதும் என்று அரசரே எழுதினார். அன்பாகத்தான் எழுதினார் என்று நம்புகிறேன். ஆனால் அந்தப் பணத்தை வாங்கியவருக்கு அடுத்த நாலு வருஷம் 'முடியாது' என்ற சொல் வாயில் வரவில்லை. நம்ம பக்கத்தில் இதைச் 'செஞ்சோற்றுக்கடன்' என்று சொல்லிக் கர்ணனைக் கொண்டாடுவோம். கர்ணன் செலுத்தியது தன் உயிரை. நார்த் தன் கடனுக்குச் செலுத்தியது பிறத்தியார் உயிர்களை. சரடோகாவுக்கும் யார்க்டவுனுக்கும் நடுவில் நாலு வருஷம். தோற்றுவிட்டது என்று பிரதமருக்கே தெரிந்த போரில் இரண்டு பக்கமும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. 1770ல் கிராஃப்டன் விலகினார், வானம் இடிந்து விழவில்லை. நல்ல மனுஷன், பாவம், மாட்டிக்கிட்டார் என்று சில வரலாற்றாசிரியர்கள் நார்த்தைத் தடவிக்கொடுப்பதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. கதவைத் திறந்தால் அரசரின் முகம் வாடுமே என்பதுதான் அவருடைய தயக்கம்.

1781 நவம்பர் 25 ஞாயிற்றுக்கிழமை யார்க்டவுன் செய்தி வந்தது. ஜெர்மெய்ன்தான் டவுனிங் தெருவுக்குப் போய்ச் சொன்னார். மார்பில் குண்டு பாய்ந்தவர்போல இருந்தது என்று பிறகு விவரித்தார். கைகளை விரித்துக்கொண்டு, கடவுளே எல்லாம் முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று சொல்லியபடி அறைக்குள் மேலும் கீழும் நடந்தாராம் நார்த். அந்தச் சத்தத்தில் துக்கத்தோடு கொஞ்சம் விடுதலையும் இருந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

அரசருக்கு எதுவும் முடியவில்லை. போரைத் தொடர வேண்டும் என்றார். ஆனால் சபை கைநழுவிக்கொண்டிருந்தது. 1782 பிப்ரவரி 27ல் போரை எதிர்த்த தீர்மானம் 19 ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. மார்ச் 15ல் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 9 ஓட்டில் தப்பினார். அடுத்தது 20ஆம் தேதிக்கு. இடையில், மார்ச் 18 அன்று, நார்த் தன் வாழ்க்கையிலேயே முக்கியமான கடிதத்தை எழுதினார். இந்த நாட்டில் சிம்மாசனத்தில் இருப்பவர் காமன்ஸ் சபை தீர யோசித்து எடுத்த முடிவை எதிர்த்து நிற்பது விவேகம் ஆகாது, உங்களுக்கு முன்னிருந்த அரசர்களும் பணிந்திருக்கிறார்கள், அதில் உங்கள் கௌரவத்துக்கு ஒன்றும் குறைவில்லை என்று. பன்னிரண்டு வருஷம் தலையாட்டியவர் அரசருக்கு நடத்திய அரசியலமைப்புப் பாடம் அது. சபையின் நம்பிக்கை போனால் பிரதமர் போக வேண்டும் என்று இன்று கோலாலம்பூரிலும் எண்ணிக்கை போட்டுச் சண்டை போடுகிறோமே, அந்த வழக்கத்தின் ஆரம்பக் கண்ணிகளில் இந்தக் கடிதமும் ஒன்று. அதை எழுதியவர் 18 ஓட்டுத் தொகுதிக்காரர்.

அரசர் பதவி துறக்கும் அறிக்கை ஒன்றை எழுதி வைத்தார், அனுப்பவில்லை. நார்த்தைப் போக விட்டார், மன்னிக்கவில்லை. விட்டுப் போவது நீங்கள், நான் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாகப் பேச்சு.

மார்ச் 20 மாலை சபை நிரம்பி வழிந்தது. தீர்மானம் கொண்டுவர சர்ரே பிரபு எழுந்தார், அதே நேரம் நார்த்தும் எழுந்தார். யார் முதலில் பேசுவது என்று ஒரே கூச்சல். சர்ரே முதலில் பேச வேண்டும் என்று ஃபாக்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். சரி, அந்தத் தீர்மானத்தின் மீதே பேசுகிறேன் என்று எழுந்து, அரசாங்கம் இப்போது இல்லை என்று அறிவித்துவிட்டார் நார்த். விடிய விடிய விவாதம் நடக்கும் என்று நினைத்து எல்லாரும் வண்டிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வண்டி தயாராக நின்றது, நார்த்துடையது. ஓரிரு நண்பர்களை ஏற்றிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு நின்ற எதிரிகளைப் பார்த்து, ரகசியம் தெரிஞ்சவனுக்கு இதுதான் லாபம், குட்நைட் என்று கிளம்பினாராம். அன்றிரவு அவர் வீட்டு விருந்தில் எல்லாரையும்விடக் குஷியாக இருந்தவர் அவர்தான். அரசர் கணக்குத் தீர்த்ததோ வேறு மாதிரி. 1780 தேர்தல் செலவுக்கு வங்கியில் வாங்கியிருந்த 30,000 பவுண்டு கடனை நார்த் தலையில் கட்டப் பார்த்தார்.

இதற்குப் பிறகும் ஒரு அத்தியாயம் உண்டு. அவர் பெயரை நிரந்தரமாகக் கெடுத்தது அதுதான். 1783ல் ஃபாக்ஸோடு கூட்டணி வைத்தார். போர்க்காலம் முழுக்க நார்த்தை விசாரித்துத் தண்டிக்க வேண்டும் என்று கர்ஜித்த அதே சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ். 1774ல் அவரை வேலையை விட்டு நீக்கியவர் நார்த். கஜானா ஆணையத்தின் புதுப் பட்டியலில் உங்கள் பெயரைக் காணவில்லை என்று இரண்டு வரிக் கடிதம். கொள்கையாவது கத்திரிக்காயாவது என்று ஊர் சிரித்தது. அந்த அரசாங்கம் கொண்டுவந்த இந்திய மசோதா கம்பெனி ஆட்சியை ஏழு ஆணையர்களிடம் ஒப்படைக்கப் பார்த்தது. எழுதியதில் எட்மண்ட் பர்க்கின் கை அதிகம். நல்ல நோக்கமும் இருந்தது, கம்பெனிப் பதவிகளைப் பங்குபோடும் ஆசையும் இருந்தது. ஜேம்ஸ் சேயர்ஸ் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். முகலாயர் வேஷத்தில் ஃபாக்ஸ் யானை மேல் ஏறி லீடன்ஹால் தெருவிலுள்ள கம்பெனி அலுவலகத்துக்கு ஊர்வலம் போகிறார். பர்க் முன்னால் எக்காளம் ஊதுகிறார். யானைக்கு நார்த்தின் முகம். அதே உருண்டைக் கண், அதே சலிப்பு. யார் ஏறினாலும் சுமக்கிற விலங்கு. இதைவிடக் கொடூரமான விமர்சனத்தைப் பக்கம் பக்கமாக எழுதினாலும் எழுதியிருக்க முடியாது.

அரசர் பிரபுக்கள் சபையில் மசோதாவைக் கவிழ்த்தார். ஆதரித்து ஓட்டுப் போடுகிறவர் என் எதிரி என்று சொல்லியனுப்பியே கவிழ்த்தார். டிசம்பர் 18 நள்ளிரவில் முத்திரைகளைத் திருப்பித் தரச் சொல்லி ஆள் வந்தபோது நார்த் படுக்கையில் இருந்தார். என்னைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் என் மனைவியையும் பார்த்தாக வேண்டும் என்று எழுந்திருக்காமலேயே சொல்லியனுப்பியதாகக் கதை. மறுநாள் பிட் பிரதமர். மூன்றாவது வருஷம் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கினார்.

நார்த்தின் மகன்களில் ஒருவர், அவரும் பிரடெரிக்தான், இலங்கையின் முதல் பிரிட்டிஷ் கவர்னராகப் போனார். 1803ல் கண்டியைப் பிடிக்கப் படை அனுப்பி, அங்கே விட்டுவைத்த காவற்படையைப் பறிகொடுத்தார். அந்தக் குடும்பத்துக்கும் தூர தேசத்துப் போருக்கும் ராசியில்லை.

கடைசி ஐந்தாறு வருஷம் நார்த்துக்குக் கண் முழுசாகப் போய்விட்டது. மகள்கள் அவருக்குப் படித்துக் காட்டினார்கள். பழைய நண்பர்கள் வந்தார்கள், நகைச்சுவை குறையவில்லை என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அவரைச் சபையில் விடாமல் தாக்கியவர்களில் ஒருவர் கர்னல் ஐசக் பாரே. 1759ல் கியூபெக் போரில் முகத்தில் குண்டு பாய்ந்து ஒரு கண்ணை இழந்தவர். அமெரிக்கர்களைச் 'சுதந்திரத்தின் மைந்தர்கள்' என்று முதலில் அழைத்தவர், பென்சில்வேனியாவில் ஒரு ஊருக்கே அவர் பெயர் உண்டு. வயதான காலத்தில் இன்னொரு கண்ணும் போனது. ஒரு முறை இந்த இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நமக்குள் என்னென்னவோ நடந்திருக்கலாம் கர்னல், ஆனாலும் இந்த இங்கிலாந்திலேயே ஒருத்தரையொருத்தர் பார்ப்பதில் நம் இருவரைவிடச் சந்தோஷப்படுகிறவர்கள் யாரும் இருக்க முடியாது என்றாராம் நார்த்.